பழிவாங்கப் படித்த ஆங்கிலம்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புதிதாக வந்து சேரும் குடும்பங்களுக்கு வருடத்தில் ஒருமுறை தேநீர் கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். சில வருடங்களாக அந்த நல்ல வார்த்தை சொல்லும் வேலை என் தலையில் விழுகிறது. ஓர் எழுத்து ஆங்கிலம் தெரியாமல் வந்து, பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையையே நடத்தியவர் என்று என்னை அறிமுகம் செய்வார்கள். நானும் எழுந்து, நூலகத்துக்குப் போங்கள், வானொலி கேளுங்கள், பிழை விடுவதற்கு வெட்கப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்காருவேன். கைதட்டுவார்கள்.

அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. நூலகத்துக்கு நான் போனது குளிருக்கு ஒதுங்கத்தான். நான் ஆங்கிலம் படித்தது ஒருத்தியைப் பழிவாங்க. அதுவும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக நடந்த வகுப்பில், டிராகனும் மந்திரவாதியும் வருகிற ஒரு டிவி நாடகத்தைப் பார்த்துப் படித்தேன். இதைத் தேநீர்க் கூட்டத்தில் சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஒருத்தி என்றால் என் மச்சாள், என் கணவரின் அக்கா. மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டும். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் மன்னாரிலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்தது இந்த நூற்றாண்டு பிறந்து இரண்டாவது வருடம். மச்சாள் அதற்கு எட்டு வருடம் முன்பே வந்துவிட்டவள். அவளுக்கு டொலார்ட் புறநகரில் வீடு, வாசலில் கார். எங்களுக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அவள் வேலை செய்த முதியோர் இல்லம் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே துப்புரவுப் பகுதிக்கு அவள்தான் தலைவி. இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். வந்த மூன்றாம் மாதமே என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே சமையலறையில் சேர்த்துவிட்டாள். கிழங்கு உரிப்பது, கரட் வெட்டுவது, கிடாரம் தேய்ப்பது என் வேலை. மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து ஒன்றரை மணித்தியாலம் போக, ஒன்றரை மணித்தியாலம் வர. வேலை வாங்கித் தந்தது அவள்தான், அதை நான் மறுக்கவில்லை. என் கணவர் மறுக்கவே விடமாட்டார். அவருக்கு அக்கா சொன்னால் வேதம்.

அரசாங்கம் நடத்திய மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பில் ஆறு மாதம் இருந்து நான் கொஞ்சம் பிரெஞ்சு பிடித்திருந்தேன். அந்த இல்லத்தில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. முதியவர்கள் எல்லோரும் ஆங்கிலம். மனேஜர் அம்மாவும் ஆங்கிலம், உயரமான, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிடுகிற பெண். அவர் என்னிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்றால் மச்சாளைக் கூப்பிடுவார். மச்சாள் முன்னே நிற்பாள். நான் அரை அடி பின்னே நிற்பேன். கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தவர் கதைக்கும்போது பக்கத்தில் நின்று வாய் திறப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அது மட்டும் போதாது, மூத்தவர் கதைக்கக் கதைக்க இளையவர் 'ம்... ஓம்... ஓம்' என்று தலையாட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்கு அது அடையாளம். நான் மிக நன்றாகத் தலையாட்டுவேன். சின்ன வயதிலிருந்து பழகியது.

மனேஜர் நாலு நிமிடம் கதைப்பார். மச்சாள் இரண்டு நிமிடம் பதில் சொல்வாள். பிறகு என்ன சொன்னார் என்று நான் கேட்டால், நடந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல், "ஒண்டுமில்லை, நீ வா" என்பாள். சில நாள் இரக்கப்பட்டு ஒரு வரி கூடச் சொல்வாள். உன் சமையல் வாசம் சிலருக்குப் பிடிக்கவில்லையாம், நான் கெஞ்சி வைத்திருக்கிறேன் என்பாள். நான் உருகிப்போவேன். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் அவளுடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் இரண்டு நாள் அடுப்படியில் நின்று பயத்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டு, டின்னில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்து டொலார்டுக்குக் கொண்டுபோவேன். என் வேலையைக் காப்பாற்றித் தருகிறவளுக்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? இப்படி மூன்று வருடம். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எனக்கு முதலில் உறுத்தியது ஒரு கிழவர். சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே பெரிய சமையல்காரர் ஒருவர் இருந்தார். முழங்கால் வலிக்கிற நாட்களில் சூப்பை என்னிடம் விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். அப்படி ஒருநாள் நான் வைத்த பருப்பு சூப்பைக் குடித்த கிழவர் ஒருவர், வெறும் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு வந்தார். என்னைப் பார்த்து நீண்ட நேரம் கதைத்தார். நடுவில் கண் கலங்கியது. நெஞ்சில் கையை வைத்தார். மச்சாள் துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் போன பிறகு கேட்டேன். ஒண்டுமில்லை என்றாள்.

ஐந்து நிமிடம் அழுது கதைத்தது ஒன்றுமில்லையா? அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னது எனக்கு வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு தமிழில் ஓர் ஆங்கில வகுப்பு நடந்தது. நடத்தியவர் மச்சாளின் சிநேகிதி. நான் அங்கே போய் உட்கார்ந்தால், பாடம் முடிவதற்குள் டொலார்டுக்குத் தகவல் போய்விடும். அதனால் போகவில்லை. ஒரு சனிக்கிழமை, செபமாலைக் கூட்டத்துக்கு எடுத்த தேநீர்ப் பானையைத் திருப்பிக் கொடுக்கக் கோயிலின் கீழ்மண்டபத்துக்கு இறங்கினேன். எங்கள் கோயிலில் காலையில் நாங்கள், மத்தியானம் ஸ்பானிஷ்காரர். அவர்கள் இருபது பேர் மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு கோட்டை எரிந்துகொண்டிருந்தது. ஒரு மெலிந்த பெண்பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிற மெக்சிகோக்காரி, படத்தை நிறுத்தி, கரும்பலகையில் இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் ஒரு ஸ்பானிஷ் சொல்லும் எழுதினாள். எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள். நான் பானையை வைத்துவிட்டுக் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் என்னிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் சொல்லான 'சீ', அதாவது ஓம், என்பதைச் சொல்லித் தலையாட்டினேன். சொன்னேனே, அதில் நான் கெட்டிக்காரி.

மூன்று கிழமை என்னைக் கொலம்பியாவின் கடற்கரைப் பக்கத்தவள் என்று நினைத்திருந்தார்கள். நாலாம் கிழமை குட்டு வெளிப்பட்டது. பக்கத்துக் கதிரைக்காரி, எல் சல்வடோரைச் சேர்ந்தவள், அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவள், கண்ணீர் வரச் சிரித்தாள். மெக்சிகோப் பெண் என்னைப் போகச் சொல்லவில்லை. இந்த வகுப்பில் எல்லாம் ஸ்பானிஷில்தான் விளக்குவேன், உங்களுக்குச் சிரமம் என்று பிரெஞ்சில் சொன்னாள். பரவாயில்லை என்றேன். என் கொப்பியில் மூன்று கோடு போட்டேன். முதலில் ஆங்கிலம், நடுவில் ஸ்பானிஷ், கடைசியில் தமிழ். நடுச்சொல்லின் பொருளைச் சல்வடோர்க்காரி நடித்துக் காட்டுவாள். வாள் என்றால் என் வயிற்றில் குத்துவாள். சாபம் என்றால் விரலைச் சுழற்றிக் கண்ணை உருட்டுவாள். பயம் என்றால் கதிரைக்குப் பின்னால் ஒளிந்து பல்லை நடுக்குவாள். அஃப்ரெய்ட், மியேதோ, பயம். வாழ்க்கையில் மறக்க முடியாத மாதிரி எனக்குப் படிப்பித்தது அவள்தான்.

அந்த நாடகத்தில் ஒரு ராச்சியம், ஒரு மலை, மலையில் ஒரு டிராகன். சிம்மாசனத்துக்கு உரிமையுள்ள பெண் ஒருத்தி ஊர் ஊராக அலைவாள். ஒருவருக்கொருவர் சத்தியம் செய்வார்கள், பிறகு மீறுவார்கள். ஆகவே எங்களுக்கு வாள், கேடயம், பாதாளச் சிறை, சத்தியம், துரோகம், மண்டியிடு, இரக்கம் காட்டு எல்லாம் தெரிந்திருந்தன. முள்ளுக்கரண்டிக்கு ஆங்கிலம் தெரியாது. சமையலறையில் பெரிய கத்தியை எடுத்துத் தரும்படி சமையல்காரரிடம் ஒருநாள் 'ஸ்வோர்ட்' என்று கேட்டுவிட்டேன். அவர் தலைகுனிந்து வணங்கி இரண்டு கையாலும் கத்தியை நீட்டினார். குளிர்அறைக்குப் போகும்போது 'டஞ்சன்' என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

ஆறாம் கிழமை ஒரு பாகம் வந்தது. மலையடிவாரத்தில் ஓர் ஊர். டிராகனின் மொழி அந்த ஊரில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை அவள் மலையேறி டிராகனோடு கதைப்பாள். ஊரார் பின்னால் கைகட்டி நிற்பார்கள். அவள் திரும்பி, பத்து ஆடு கேட்கிறது என்பாள். ஊரார் அழுதுகொண்டே பத்து ஆட்டைக் கொண்டுவந்து அவள் கையில் ஒப்படைப்பார்கள். டிராகன் கதைக்கும்போது அது சொல்வது திரையின் அடியில் எழுத்தாக ஓடும், பார்க்கிற எங்களுக்கு மட்டும். அது ஆடு கேட்கவே இல்லை. என் சுனையில் தண்ணீர் நிறைய இருக்கிறது, பஞ்சத்தில் ஏன் சாகிறீர்கள், வந்து குடியுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மெக்சிகோப் பெண் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதினாள். வகுப்பு முழுக்க அந்தப் பெண்ணைத் திட்டிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு என் பலகார டின் ஞாபகம் வந்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை சமையல்காரருக்கு மறுபடி முழங்கால் வலி. சூப் நான் வைத்தேன். மனேஜர் அம்மா ஒரு கிண்ணத்தோடு உள்ளே வந்தார். மச்சாளைக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல அரை அடி பின்னே நின்று தலையாட்டினேன். இந்த முறை காதைத் தீட்டி வைத்திருந்தேன். எல்லாம் விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். 'சூப்' விளங்கியது. 'குக்' விளங்கியது. 'ஆஸ்க் ஹெர்' விளங்கியது, அவளிடம் கேள். மச்சாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே மனேஜரிடம் சொன்னாள்: "நோ, நோ. ஷீ இஸ் அஃப்ரெய்ட்."

கதிரைக்குப் பின்னால் பல்லை நடுக்கிய சல்வடோர்க்காரி என் கண்முன் வந்து நின்றாள். அவள் பயப்படுகிறாள். அவள் என்பது நான். மனேஜர் என்னைப் பார்த்தார். நான், கடவுளே, பழக்கதோஷத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். சூப்பில் உப்புக் கூடவாம், தான் சமாளித்துவிட்டாளாம். அந்தச் சூப்பை நான் இரண்டு முறை ருசி பார்த்திருந்தேன். உப்பு அளவாக இருந்தது.

அங்கேயே ஏன் கத்தவில்லை என்று பிற்பாடு சல்வடோர்க்காரி கேட்டாள். எதில் கத்துவது? ஒரு சொல் கேட்டு விளங்குவது வேறு, எழுந்து நின்று ஒரு வரி சொல்வது வேறு. என்னிடம் அப்போது நூற்றிருபது சொல் இருந்தன, பாதி ஆயுதங்கள். தமிழில் கத்தினால் மனேஜருக்கு அதை மொழிபெயர்க்கப்போவதும் அவள்தான். கணவரிடம் சொன்னால், அக்கா அப்படிச் செய்ய மாட்டா, உனக்குக் காது பிழை என்பார். சொல்லிப் பார்த்தேன். அப்படியேதான் சொன்னார்.

ஆகவே காத்திருந்தேன். சித்திரை மாதம் மனேஜர் ஒவ்வொரு வேலையாளையும் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டுக் கதைப்பது வழக்கம். சமையல்காரர் ஆனியில் வேலையை விடப்போகிறார் என்று அவரே என்னிடம் முழங்காலைத் தட்டிச் சொல்லியிருந்தார். அவருடைய இடம் எனக்கு வேண்டும். அதைவிட, அது எனக்குக் கிடைக்கிறதை மச்சாள் பார்க்க வேண்டும். எட்டு மாதம் இருந்தது.

நான் படித்த மாதிரி ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை தவறியதில்லை, பனி கொட்டிய நாளில் மெக்சிகோப் பெண்ணும் நானும் மட்டும் இருந்தோம். கோபமான காட்சிகள் வந்தால் திரும்பப் போடச் சொல்வேன். அரசுரிமைக்காரி அரண்மனைக்குள் வந்து துரோகியைச் சபையில் நிறுத்துகிற காட்சியைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். பார்க் மெட்ரோ மேடையில் சல்வடோர்க்காரி மனேஜராக நிற்பாள், நான் அவளுக்கு முன்னால் என் வரிகளைச் சொல்வேன். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு முழுதாக விளங்கிய நாளில், கொப்பியை வாங்கி நடுக்கோட்டில் அவளே ஒரு சொல் எழுதினாள். 'வெங்கான்சா.' அதற்கு இடப்பக்கம் ரிவெஞ்ச் என்றும் வலப்பக்கம் பழி என்றும் நான் நிரப்பினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், உறவுக்காரி ஒருத்தி மேல் வெறுப்பு இருக்கிறது என்று சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். வெறுப்பும் இருந்தது.

மச்சாளுக்கு முன்னால் முன்போலவே பணிந்து நின்றேன். அவள் 'ஒண்டுமில்லை, நீ வா' என்றால் போனேன். ஆனால் இப்போது எனக்கு விளங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு சொல் கூட விளங்கியது. முதியவர்கள் என் சூப்பை நாள் சொல்லிக் கேட்கிறார்கள். வாசம் பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. நத்தாருக்கு மட்டும் அவளுக்கு ஒரு மாற்றம் செய்தேன். முறுக்கு மாவில் வெண்ணெய் போடாமல், பல் உடையும் பதத்தில் சுட்டு, டின் நிறைய அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தமுறை கொஞ்சம் கடினம் என்றாள். மாவு சரியில்லை மச்சாள் என்றேன். அந்த நத்தாரில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

சித்திரை வந்தது. மனேஜரின் அறையில் மூன்று கதிரை. நான் பின்கதிரையை இழுத்து மச்சாளுக்குப் பக்கத்தில், அவளுக்குச் சமமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சாள் முறைத்தாள். மனேஜர் கதைக்கத் தொடங்கினார். ஏறக்குறைய எல்லாம் விளங்கியது. சமையல்காரர் போகிறார். மூன்று வருடமும் இந்த அறையில் வைத்து உன்னைச் சமைக்க வரச்சொல்லிக் கேட்டோம், நீ மாட்டேன் என்றாய். வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை கேட்கிறேன்.

மூன்று வருடமும். எனக்கு அந்த நிமிடம்வரை அந்த வியாழக்கிழமை கேட்டது மட்டும்தான் தெரியும்.

மச்சாள் என் பக்கம் திரும்பினாள். "குக் போறாராம். புது ஆள் வருவாராம். அவரோட ஒத்துப்போகச் சொல்லுறா. ஓம் எண்டு தலையாட்டு."

நான் தலையாட்டவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். அதற்கே பெரிய பாடுபட வேண்டியிருந்தது. பிறகு எழுந்து நின்றேன். மெட்ரோ மேடையில் பழகிய நல்ல, அடக்கமான வரிகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வாயில் வந்தது அரண்மனைக் காட்சி. மேடம், இந்தப் பெண் எனக்குத் துரோகம் செய்தாள். மூன்று வருடம் என் பெயரால் பொய் சொன்னாள். நான் பயப்படவில்லை. நான் இனி மண்டியிட மாட்டேன். இந்தச் சமையலறை என்னுடையது. நாடகத்தில் அந்த இடத்தில் சிம்மாசனம் என்று வரும். அதை மட்டும் மாற்றினேன்.

மனேஜர் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். இப்படி ஆங்கிலம் கதைக்க எங்கே பழகினாய் என்று கேட்டார். கோயிலில் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் நீ தலையாட்டினாயே என்றார், ஒவ்வொரு வருடமும் நானே பார்த்தேன், நீ பயப்படுகிறாய் என்று உன் மச்சாள் சொல்லச் சொல்ல நீ ஓம் ஓம் என்று தலையாட்டினாயே என்றார். அவர் குரலில் நிஜமான குழப்பம் இருந்தது. அதை விளக்க என்னிடம் சொல் இல்லை. எந்த ராச்சியத்திலும் அப்படி ஒரு பழக்கம் இல்லை. அதனால் நடித்துக் காட்டினேன். நீங்கள் கதையுங்கள் என்று சைகை செய்தேன். அவர் வெளியே மழை பெய்கிறது, கார்கள் மெதுவாகப் போகின்றன என்று ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் கதை முழுக்கத் தலையாட்டினேன். பிறகு காதைத் தொட்டு, கேட்கிறேன், கேட்க மட்டும் செய்கிறேன் என்றேன்.

ஆனி மாதம் முதலாம் கிழமை எனக்கு வெள்ளைச் சட்டையும் சமையலறைச் சாவியும் கிடைத்தன. மச்சாளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் அவள் வண்டி தள்ளிக்கொண்டு வந்தால், எனக்குப் பிறகு அங்கே சேர்ந்த தமிழ்ப் பெண்கள் ஒதுங்கிப்போனார்கள். இரண்டு மாதத்தில் அவளாகவே விலகி, மொன்ட்ரியால்-நோர் பக்கம் ஓர் ஆடைக் கழுவகத்துக்குப் போய்விட்டாள். காரில் ஒரு மணித்தியாலம். அதைக் கேட்டபோது என் ஒன்றரை மணித்தியாலத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என் கணவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு பசித்தது, கதைத்தார். அழுத கிழவரைத் தேடிப் போனேன். அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவர் அந்த மாசியில் இறந்துவிட்டாராம். அதற்கும் சேர்த்து அவளை வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன்.

இதுவரை எழுதியதைச் சல்வடோர்க்காரிக்குச் சொல்லியிருக்கிறேன், சமையல்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், என் மகள் வளர்ந்த பிறகு அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அந்த அறையில் நடந்த ஒன்றை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சாமியாருக்கும் சொன்னதில்லை.

நான் தலையாட்டி நடித்து முடித்ததும், மனேஜர் மச்சாளைப் பார்த்து, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மச்சாள் கதிரையில் இருந்தபடி என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை ஈரமாக இருந்தது. தமிழில்தான் சொன்னாள், மெதுவாக.

"பிள்ளை, நான் செய்தது பெரிய பிழை. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், மன்னிச்சுக்கொள். நீ வர முன்னம் எட்டு வருசம் இதுக்குள்ள என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ எனக்குப் பின்னால வந்து நிண்ட பிறகுதான் இவையள் என்னை ஒரு ஆளா மதிச்சவை. நீயும் கதைக்கப் பழகியிட்டா, பேந்து என்னை ஆர் தேடுவினம்?"

மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அவள் சொன்னது உண்மை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஆங்கிலத்தில் சொன்னால் மனேஜருக்கு முன் தலை குனிய வேண்டும். அதனால் எனக்கு மட்டும் விளங்கும்படி தமிழில் சொல்கிறாள். இப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கத்தான் பார்க்கிறாள்.

மனேஜர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"வாட் டிட் ஷீ சே?"

அவள் என்ன சொன்னாள். மூன்று வருடம் அந்தத் தாழ்வாரத்தில் அவள் முதுகைப் பார்த்து நான் கேட்ட கேள்வி. பதிலுக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் என்னிடம் இருந்தது. பிழை, மன்னிப்பு, தனிமை, பயம், எல்லாம் கொப்பியில் மூன்று கோட்டில் இருந்தன. ஒரு வரி பிசகாமல் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் மனேஜர் இளகியிருப்பார், அப்படிப்பட்ட பெண்தான் அவர். மச்சாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

"நத்திங்" என்றேன்.

மச்சாளுக்கு அதை ஒருவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.